இரண்டு ஆண்களின் காதலை ஏற்காடு மலைக்காட்டில் வைத்து நாவல் எழுதினால் நம்பும்படி இருக்குமா?

பனிமலை, மரவீடு, சுற்றிலும் ஆளில்லாத காடு, அதில் காதலிக்கும் இரண்டு ஆண்கள் என்று ஆங்கிலத்தில் வரும் நாவல்களை விரும்பிப் படிக்கிறீர்கள், அப்படி ஒன்றைச் சேர்வராயன் மலையில் வைத்துத் தமிழில் எழுத ஆசை என்கிறீர்கள். நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர், ஒரு சனி ஞாயிறு இங்கே வந்து ஏரியில் படகு விட்டுவிட்டுப் போனவர் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்த நாவல்களில் காடு செய்யும் வேலையை எங்கள் மலை செய்யாது.

நான் சேலத்துக்காரன். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் பல வருஷம் ரைட்டர் வேலை. அதாவது ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதுபவன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும் வரைக்கும் இரண்டு பக்கமும் காடுதான். மேலே போய்விட்டால் பெரும்பாலும் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து அப்படித்தான். சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் காபிச்செடி. நடுநடுவே நாகலூர், மஞ்சக்குட்டை என்று மலையாளி என்ற பழங்குடி மக்களின் (கேரளத்துக்காரர்கள் இல்லை) ஊர்கள். எந்தத் தடத்தில் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது எதிரே வந்து "எங்கீங்க இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுவார்கள். பனி என்றால் இங்கே மூடுபனிதான். உங்கள் ஆட்கள் பனியில் சிக்கி ஒரே கம்பளிக்குள் ஒதுங்கும் காட்சி நடக்காது.

அது தேவையும் இல்லை. இங்கே இரண்டு ஆண்கள் ஒன்றாக இருக்க ஆளில்லாத இடம் எதற்கு? ஆணும் பெண்ணும் லாட்ஜுக்குப் போனால் ஆதாரில் ஆரம்பித்து கல்யாணப் போட்டோ வரை கேட்பார்கள். இரண்டு ஆண்கள் போனால் தலையணை கூட ஒன்று வேண்டுமா என்று கேட்பதோடு சரி. தோளில் கை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நானும் இன்னொருவனும் அப்படித்தான் இருந்தோம், ஒரே குவார்ட்டர்ஸில். அவன் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மிஷின், கொட்டை காய வைக்கும் களம் எல்லாம் பார்த்துக்கொள்வான். டிசம்பரில் பழம் எடுப்பு உச்சத்தில் இருக்கும். ஒருநாள் நடுராத்திரி திடீரென்று தூறல். களத்தில் காயும் கொட்டையை மூட டார்ச்சோடு ஓடினோம். தார்ப்பாயின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை என் கையில். எதிரே மூச்சு விடும் சத்தம். காட்டெருமை. மூடுபனியில் உடம்பு தெரியவில்லை, முட்டிக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல நான்கு கால் மட்டும் தெரிந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு, பிடித்த கையை விடாமல் மரத்தோரம் நின்றோம். அது போய் வெகுநேரம் ஆகியும் விடவில்லை. காலையில் மேஸ்திரிக்குக் கொட்டையை மிதித்து நாசம் செய்துவிட்டதே என்ற கவலைதான். எங்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க அவருக்குத் தோன்றவும் இல்லை.

யாரும் கண்டுபிடிக்காமலேதான் எல்லாம் முடிந்தது. அவன் வீட்டில் பெண் பார்த்தார்கள். அவனும் சரி என்றான். அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று சேலம் முழுக்கப் பத்திரிகை வைக்க அவனை என் பைக்கில்தான் ஏற்றிக்கொண்டு சுற்றினேன். போன வீட்டிலெல்லாம் காபி கொடுத்து, "அடுத்தது நீதாம்ப்பா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உங்கள் நாவலுக்கு வில்லன் வேண்டுமென்றால் முகூர்த்தத் தேதியை வையுங்கள். போலீஸ், ஊர்க்கூட்டம், அரிவாள் எல்லாம் சினிமா. எல்லோருக்கும் என் கதைபோலத்தான் என்று சொல்லவில்லை. வீட்டில் அடிபட்டவர்கள், வீட்டை விட்டே துரத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2018 செப்டம்பர் 6 அன்று, இது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்றைக்கு, அவன் போன் செய்தான். "மேல மழையா மாப்ள?" என்று கேட்டான். தீர்ப்பைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. 2023 அக்டோபரில் கல்யாண உரிமை கிடையாது என்று வந்தபோது போனும் இல்லை.

இதெல்லாம் நம் கலாச்சாரமா என்று கேட்டு வரப்போகிறவர்களுக்கு: ஐயா, நான் உங்களை எதுவும் கேட்கவில்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கலாச்சாரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வளைவில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடும் கூட்டத்தை முதலில் யாராவது கேளுங்கள். தின்று பழகியவை ரோட்டோடு நிற்பதில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் ஓட்டைப் பிரித்து இறங்கி, அரிசி டின்னைக் கவிழ்த்து, எண்ணெயைக் கொட்டி, அதிலேயே உருண்டுவிட்டுப் போயிருக்கின்றன. போதாததற்குப் பின்னால் வரும் பஸ் நகர முடியாமல் நிற்கும். போர்டு வைத்தாலும் ஒருவர் படிப்பதில்லை.

சரி, நாவலுக்கு வருகிறேன். யானையைக் கொண்டுவராதீர்கள், இந்த மலையில் கிடையாது. மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து சில நாளில் காபி பூக்கும். செடி முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம், இரண்டு மூன்று நாளில் கருகிவிடும். காதல் காட்சியை அங்கே வையுங்கள், டிசம்பரில் பூக்க வைக்காதீர்கள். அப்புறம், கடைசியில் ஒருவனைப் பள்ளத்தில் தள்ளியோ லாரியில் அடிபட வைத்தோ கொல்லாதீர்கள். இப்படிப்பட்ட கதைகளில் யாராவது ஒருவன் செத்தே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ. என் ஆள் உயிரோடுதான் இருக்கிறான். சேலத்தில் கடை, இரண்டு பிள்ளைகள், தொப்பை, சர்க்கரை. இந்த வருஷமும் அஞ்சு கிலோ கொட்டை எடுத்து வை, வறுக்காமல் கொடு என்று சொல்லியிருக்கிறான்.