பக்கவாதமும் ஸ்டெம் செல்லும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

பக்கவாதத்துக்கான ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சை குறித்து இம்முறை பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 54. எட்டு மாதங்களுக்கு முன்பு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது தடியூன்றி நடக்கிறார். ஆனால் கை சரியாக எழவில்லை, பேச்சும் தடுமாறுகிறது. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பிரித்து முதுகுத்தண்டு வழியாகச் செலுத்தினால் கை திரும்பிவிடும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்கிறார்கள். மூன்று தவணைக்கு ஏழு லட்சம் ரூபாயாம். வீட்டு மனையை விற்றுவிடலாம் என்கிறார் என் மாமனார். என்ன செய்யட்டும், டாக்டர்?
வாசகி, கும்பகோணம்

பதில்: மனையை விற்காதீர்கள், அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

உங்கள் கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை தேடியிருக்கிறார்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் பேராசிரியர் காமேஷ்வர் பிரசாத் தலைமையில், தில்லி, சண்டிகர், லக்னோ, புணே நகரங்களைச் சேர்ந்த ஐந்து பெரிய மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் ஓர் ஆய்வை நடத்தின. அதன் முடிவு 2014-ஆம் ஆண்டு வெளியானது. ரத்தக்குழாய் அடைப்பினால் பக்கவாதம் வந்த 120 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு அவரவர் எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்த செல்களை, சராசரியாக 28 கோடி செல்கள் என்ற கணக்கில், ரத்தநாளத்தில் போடும் ஊசி வழியாகச் செலுத்தினார்கள். மறு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தொடர்ந்தது. ஆறு மாதம் கழித்து, யார் செல் பெற்றவர், யார் பெறாதவர் என்று அறியாத மருத்துவர்களே எல்லோரையும் சோதித்தார்கள். உண்பது, உடுத்துவது, குளிப்பது, நடப்பது போன்ற அன்றாட வேலைகளைத் தாமாகச் செய்யும் திறனுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. அதில் செல் பெற்றவர்களின் சராசரி 63.1, பெறாதவர்களின் சராசரி 63.6. சிகிச்சையால் கெடுதல் நேர்ந்ததாகத் தெரியவில்லை; ஆனால் பலனும் கிடைக்கவில்லை.

இந்த இரண்டு எண்களையும் சற்று நேரம் மனத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் செல்லையும் பெறாதவர்களும் அதே அளவுக்குத் தேறியிருக்கிறார்கள். பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் மூளையின் வீக்கம் வடிவதாலும், தப்பிய பகுதிகள் இழந்தவற்றின் வேலையை ஏற்பதாலும், பயிற்சியாலும் உடல் தானாகவே மீள்கிறது. அந்த நேரத்தில் எந்த ஊசியைப் போட்டாலும், அந்த ஊசியால்தான் கை எழுந்தது என்று நோயாளியும் குடும்பமும் மனதார நம்புவார்கள். மருத்துவமனைக்காரர்கள் உங்களுக்குக் காட்டிய காணொளிகளில் பேசுகிறவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. அவர்கள் தேறியது உண்மை. எதனால் தேறினார்கள் என்பதை ஒரு தனி மனிதரின் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

எய்ம்ஸ் ஆய்வில் செல்கள் ரத்தநாளம் வழியாக, பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் போயின. உங்கள் கணவருக்கு எட்டு மாதம் கழித்து, முதுகுத்தண்டு வழியாகப் போடலாம் என்கிறார்கள். அந்த வழி இன்னும் நிலைநாட்டப்படாதது. அதோடு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த, பக்கவாதம் வந்த 66 வயதுக்காரர் ஒருவர் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ ஆகிய நாடுகளுக்குப் போய், பணம் கட்டி, பல வகை ஸ்டெம் செல்களை முதுகுத்தண்டு வழியாகச் செலுத்திக்கொண்டார். பிறகு அவருடைய கால்கள் செயலிழந்தன. பாஸ்டன் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது தண்டுவடத்தைச் சுற்றிப் புற்றுபோல் ஒரு திரள் வளர்ந்திருந்தது. அதன் செல்களில் பெரும்பாலானவை அவருடையவையே அல்ல, வேறொருவருடையவை என்று மரபணுச் சோதனை காட்டியது. 2016-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது பதிவானது. சொந்த மஜ்ஜைச் செல்லுக்கு இதே ஆபத்து இதே அளவில் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பலன் உறுதியாகாத ஒன்றுக்காகத் தண்டுவடத்தில் மூன்று முறை ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்பதுதான் என் கவலை.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, ரத்தப் புற்று, தலசீமியா போன்ற நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் ஏற்கப்பட்ட சிகிச்சை, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பல்லாண்டுகளாகச் செய்துவருவது அந்த வகையைச் சேர்ந்தது. பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் கொடுப்பதென்றால், அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே கொடுக்க வேண்டும். ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. உங்களிடம் கேட்பதோ ஏழு லட்சம்.

கேள்வி: ஸ்டெம் செல் எந்த உறுப்பின் செல்லாகவும் மாறும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். பிறகு ஏன் அது இறந்த நரம்பணுவின் இடத்தில் புதிய நரம்பணுவாக மாறவில்லை?
கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நல்ல கேள்வி. எந்தச் செல்லாகவும் மாறும் ஆற்றல் கருவின் ஸ்டெம் செல்லுக்கும், ஜப்பானின் ஷின்யா யமனகா 2006-இல் சாதாரண செல்லைப் பின்னோக்கித் திருப்பி உருவாக்கிக் காட்டிய ஸ்டெம் செல்லுக்கும் உண்டு. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுப்பவை அப்படிப்பட்டவை அல்ல. அவை ரத்த அணுக்களையும், எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு முதலியவற்றையும் உருவாக்கப் பழகியவை.

நரம்பணுவாகவே மாறினாலும் சிக்கல் அத்தோடு தீராது. கால் விரலை அசைக்கும் கட்டளை மூளையின் மேற்பரப்பிலுள்ள ஒரு நரம்பணுவில் கிளம்பி, கழுத்தையும் முதுகையும் கடந்து இடுப்புக்குச் சற்று மேலே தண்டுவடம் முடியும் இடம் வரை ஒரே இழையாக இறங்குகிறது. தாயின் வயிற்றில் சில மில்லிமீட்டர் தூரத்தில் தொடங்கிக் குழந்தையோடு சேர்ந்து வளர்ந்த இழை அது. ஐம்பது வயது மூளையில் புதிதாக வைக்கப்பட்ட செல் அவ்வளவு தூரம் இழை நீட்டி, சரியான இடத்தைக் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கான அண்டை நரம்பணுக்களோடு சரியான முறையில் இணைய வேண்டும்.

ஆகவே இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஸ்டெம் செல்லை மாற்று உதிரிபாகமாக எண்ணுவதில்லை. பக்கத்தில் இருந்து பராமரிக்கும் செவிலிபோல எண்ணுகிறார்கள். இந்தச் செல்கள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களைச் சுரக்கின்றன. அவை சேதத்தின் ஓரத்தில் உயிருக்குப் போராடும் செல்களைக் காக்கவும், புதிய நுண்குழாய்கள் முளைக்கவும், அழற்சி தணியவும் உதவுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். ரத்தநாளத்தில் போடும் ஊசி வழியாகச் செலுத்தும் செல்களில் பெரும்பகுதி மூளைக்குப் போவதே இல்லை. நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. அப்படியும் எலிகளில் பலன் தெரிந்ததால், மண்ணீரல் போன்ற நோயெதிர்ப்பு உறுப்புகளின் வழியாக அவை தொலைவிலிருந்தே வேலை செய்கின்றன என்ற கருத்து வலுப்பெற்றது.

எலியில் பலித்தது மனிதரில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் காரணங்கள் உண்டு. ஆய்வுக்கூடத்து எலி பெரும்பாலும் இளமையானது, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாதது. ஒரே இடத்தில், ஒரே அளவில் செய்யப்பட்ட அடைப்பு அதற்கு. அதன் மூளையில் நீண்ட இழைகளாலான வெள்ளைப் பகுதியும் மிகக் குறைவு. நம் நோயாளிகளிடம் இவை ஒவ்வொன்றும் நேர்மாறானவை.

கேள்வி: அமெரிக்காவில் மூளைக்குள்ளேயே ஸ்டெம் செல் வைத்து, நடக்க முடியாதவர்கள் நடந்ததாகப் படித்தேன். அது உண்மையா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: படித்தது உண்மை, ஆனால் அது பாதிக் கதை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நரம்பு அறுவை மருத்துவர் கேரி ஸ்டைன்பெர்க் தலைமையில், பக்கவாதம் வந்து ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை ஆன 18 பேருக்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மாற்றியமைத்த மஜ்ஜைச் செல்களைச் சேதமடைந்த இடத்தின் ஓரத்தில் வைத்தார்கள். 2016-இல் வெளியான முடிவில் கை, கால் அசைவு சராசரியாகக் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருந்தது. பல மாதங்கள் கடந்த பிறகு இப்படி ஒரு முன்னேற்றமா என்று உலகமே வியந்தது. நானும் வியந்தேன், மகிழ்ந்தேன்.

ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. அடுத்த கட்டத்தில் 163 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குச் செல் வைக்காமல், வைத்ததுபோன்ற அறுவையை மட்டும் செய்தார்கள். தமக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. 2019 ஜனவரியில் முடிவு வந்தது. முன்கூட்டியே வகுத்த இலக்கைச் செல் பெற்ற குழு எட்டவில்லை. முதல் ஆய்வின் 18 பேர் உலகெங்கும் செய்தியானார்கள்; இந்த 163 பேரைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்த செய்தி மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஒன்றரை நாளுக்குள்ளாகவே கொடுத்துப் பார்த்தால் என்ன என்றும் முயன்றார்கள். ஒரே கொடையாளரின் மஜ்ஜையிலிருந்து பெருக்கி உறைய வைத்த செல்களை, பக்கவாதம் வந்து 18 முதல் 36 மணி நேரத்துக்குள், ஒருவருக்கு 120 கோடி என்ற அளவில் ஜப்பானின் 44 மருத்துவமனைகளில் செலுத்தினார்கள். 206 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2024-இல் வெளியானது. மூன்று மாதத்தில் மிக நன்றாகத் தேறியவர்கள் செல் பெற்றோரில் 11.5 சதவீதம், பெறாதோரில் 9.8 சதவீதம். தற்செயலாலேயே வரக்கூடிய வேறுபாடு இது. தென்கொரிய ஆய்வு ஒன்றில், முதன்மை இலக்கு எட்டப்படாவிட்டாலும், கால் அசைவில் மட்டும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் கைவிடவில்லை, கைவிடவும் கூடாது. எந்தச் செல், எத்தனை, எப்போது, எந்த வழியில் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை திறந்தே இருக்கிறது.

கேள்வி: என் பேத்தி பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைத்தோம். இப்போது பக்கவாதம் வந்திருக்கும் எனக்கு அது பயன்படுமா?
வாசகர், சேலம்

பதில்: இன்று பயன்படாது, ஐயா. தொப்புள்கொடி ரத்தத்தைப் பக்கவாதத்துக்குக் கொடுக்கும் முறையும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. அந்தப் பையை எடுத்துச் செலுத்துகிறோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: உண்மையான ஆய்வு ஒன்றில் அப்பாவைச் சேர்க்க விரும்புகிறோம். அது உண்மையான ஆய்வுதான் என்று எப்படி அறிவது?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வு எதுவும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். அப்பாவுக்குச் செல் கிடைக்காமலும் போகலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எல்லோருக்கும் நிச்சயம் கொடுக்கிறோம், நிச்சயம் குணமாகும், இவ்வளவு கட்டுங்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்குப் பிறகு இனி ஒன்றும் தேறாது என்று சொல்லி அம்மாவுக்குப் பிசியோதெரபியை நிறுத்திவிட்டோம். அது சரியா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரியல்ல. வேகம் குறையும் என்பது உண்மை; கதவு மூடிவிடும் என்பது உண்மை அல்ல. அமெரிக்காவில் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரிடம் நடந்த ஆய்வில், நல்ல கைக்கு உறை மாட்டி முடக்கிவிட்டு, பலவீனமான கையை மட்டுமே கொண்டு இரண்டு வாரம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வரை பயிற்சி கொடுத்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, கை மேம்பட்டது. அந்த மேம்பாடு ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. இதில் செல் இல்லை, ஊசி இல்லை. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் விரிக்க முடிகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்பதால், முதலில் மறுவாழ்வு மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். கழுத்திலுள்ள வேகஸ் நரம்பை ஒரு சிறு கருவியால் தூண்டியபடியே கைப்பயிற்சி கொடுக்கும் முறைக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் பக்கவாதம் வந்து ஒன்பது மாதத்துக்கு மேலானவர்களிடம் சோதித்து நிரூபித்ததே.

பயிற்சியை வீட்டாரே பார்த்துக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் அதையும் சோதித்திருக்கிறார்கள். 2017-இல் வந்த முடிவின்படி, குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து அனுப்புவதால் மட்டும் ஆறு மாதத்தில் நிலைமை மாறவில்லை. உங்கள் அன்பும் உழைப்பும் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும்.

இறுகிப்போன கையைத் தளர்த்த ஊசி உண்டு. மனச்சோர்வு பக்கவாதத்துக்குப் பிறகு மிகவும் சாதாரணம்; அம்மா பயிற்சிக்கு வர மறுத்தால் சோம்பல் என்று கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு. ரத்த அழுத்தத்துக்கும், ரத்தம் கட்டாமலிருக்கவும் கொடுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்; இரண்டாவது அடைப்பு வந்தால் இதுவரை மீண்டதும் போய்விடும்.

கும்பகோணம் வாசகிக்கும் இந்தப் பதில் பொருந்தும். உங்கள் கணவர் மணிக்கட்டைச் சற்றேனும் மேல்நோக்கித் தூக்குகிறாரா என்று இன்று மாலையே பாருங்கள், அம்மா. தூக்கினால் அதை மறுவாழ்வு மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரையும் அவரிடமே கேட்டுப் பெறுங்கள்.