திபெத்தின் ஏரிகள் ஏன் உவர்க்கின்றன? (படிவம் நான்கு புவியியல்)

தண்ணீர் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. அதனால்தான் உப்பு. கடலுக்கு அவ்வளவு தூரத்தில், ஏறக்குறைய 4,700 மீட்டர் உயரத்தில், பனி உருகி நிறையும் நாம்ட்சோ ஏரி எப்படி உவர்க்கும் என்று உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்விதான், அண்ணே.

ஓடைகள் பாறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கரைத்துக்கொண்டு வருகின்றன. வெயிலும் வறண்ட காற்றும் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. உப்பு ஏரியிலேயே தங்கிவிடுகிறது. நம் சுங்கை சிப்புட் தோட்டத்துக் குளத்துக்கு நீர் வெளியேற ஒரு வாய்க்காலாவது இருக்கும், உப்பும் அதோடு போய்விடும். அப்புறம் சாயங்கால மழை சும்மா விடுமா?

சிந்துவும் பிரம்மபுத்திராவும் திபெத்தில் பிறக்கின்றன என்று படித்ததால், பீடபூமி முழுவதும் கடலுக்கு வடிகிறது என்று தம்பி நினைத்திருக்கலாம். அவை தெற்கு ஓரத்து ஆறுகள். உள்ளே, சாங்டாங் என்ற வறண்ட மேட்டுநிலப் பக்கம், ஓடைகள் ஏரியிலேயே முடிந்துவிடும். வரைபடத்தில் நாம்ட்சோவில் விழும் ஓர் ஓடையை விரலால் தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏரியைத் தாண்டி விரல் போகாது.

ஆனால் ‘திபெத் ஏரிகள் எல்லாமே உப்பு’ என்று எழுதிவிட வேண்டாம். மானசரோவர் நன்னீர் ஏரி. மட்டம் உயர்ந்தால் அதன் நீர் ஒரு வாய்க்கால் வழியாகப் பக்கத்து ராட்சஸ்தால் ஏரிக்குப் போகும். உவர்ப்பு அந்த ராட்சஸ்தாலில்தான்.