பூசணியைத் தேடுவது – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளில் பூனைகள் அடிக்கடி வருவதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது. மூன்று வாரத்துக்கு முன் நகரத்து அடுக்குமாடி வீட்டை விட்டுக் கிராமப்புறத்தில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். சுற்றிலும் வயல், புதர், தள்ளித்தள்ளி ஒன்றிரண்டு வீடுகள். வந்த பத்தாம் நாள் கதவு திறந்திருந்த நேரத்தில் எங்கள் பூனை பூசணி வெளியே போய்விட்டது. ஆறு வயது. இதுவரை வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. பதினோரு நாளாகக் காலையும் மாலையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வயல்வெளியெல்லாம் நடக்கிறோம். பதிலுக்கு ஒரு சத்தமும் இல்லை. "இவ்வளவு பெரிய வெளியில் எங்கே என்று தேடுவது, ஒரு பூனைக்காக இப்படியா" என்கிறார் கணவர். தேடுவதை விட்டுவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

தேடுவதை விடாதீர்கள். வயல்வெளியில் நடப்பதை விட்டுவிடுங்கள்.

நானும் இதே தப்பைச் செய்தவன். எங்கள் பூனை ஒருமுறை காணாமல் போனபோது எட்டு நாள் தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டு திரிந்தேன். ஒன்பதாம் நாள் கிடைத்தது, பின்பக்கத்து விறகுக் குவியலுக்குள். வீட்டிலிருந்து நாற்பது அடிகூட இருக்காது. தினமும் அதைத் தாண்டித்தான் கூவிக்கொண்டே போயிருக்கிறேன். என் குரல் அதற்குக் கேட்காமல் இருந்திருக்காது. பதிலுக்கு ஒரு 'மியாவ்' சொல்லியிருக்கலாமே என்று ரொம்ப நாள் அதன்மேல் எனக்குக் கோபமே இருந்தது.

பூனை வேட்டையாடும் பிராணிதான். ஆனால் தன்னைவிடப் பெரிய பிராணிகளுக்கு அதுவே இரை. பழகாத இடத்தில் மிரண்டுபோன பூனை, கண்ணில் பட்ட முதல் இடுக்கில் ஒடுங்கி வாயை மூடிக்கொள்கிறது. குரல் கொடுத்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும் அல்லவா? கூப்பிடுவது நீங்கள்தான் என்று தெரிந்தாலும் பயம் அதன் வாயைக் கட்டிவிடுகிறது. பூசணிக்கு உங்கள் புது வீடே பத்து நாள் பழக்கம்தான். வெளியே இருப்பது முழுக்க அந்நியம்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. காணாமல் போன 1210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் கேட்டுச் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. கிடைத்த பூனைகளில் ஏறத்தாழ முக்கால்வாசி, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்திருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை அதைவிடவும் பக்கத்தில். முதல் வாரத்தில் உயிரோடு கிடைத்தவை 34 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 61 சதவீதம். 90 நாளுக்குப் பிறகு கிடைத்தவை குறைவு. மீதிப் பூனைகளின் கணக்கும் இதற்குள்ளேயே இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பதினோரு நாள் என்பது கைவிடுகிற நாளே இல்லை.

ராத்திரி ஊர் அடங்கிய பிறகு கிளம்புங்கள். கூப்பிட வேண்டாம். நல்ல டார்ச் ஒன்றை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், கண் உயரத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளிச்சத்தை நகர்த்துங்கள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. இருட்டில் இரண்டு பச்சைப் புள்ளிகளாக அது மின்னும். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் அந்த ஒளி உங்கள் கண்ணுக்குத் திரும்பி வராது. பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். நின்றுகொண்டே பார்த்தாலும் போதாது, மண்டியிட்டுப் புதரின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். வெட்கப்படாதீர்கள், நடுராத்திரியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

பகலில் அக்கம்பக்கத்துக் கொட்டகை, வைக்கோல் போர், சாலைக்கு அடியில் போகும் குழாய், பாழடைந்த கிணறு எல்லாவற்றையும் பாருங்கள். கொட்டகைக்காரர் கதவை அரைகுறையாகத் திறந்து எட்டிப்பார்த்து "இங்கே எதுவும் இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, பூனை அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அனுமதி கேட்டு நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். தெரியாமல் உள்ளே வைத்துப் பூட்டப்பட்டுக் கிடக்கும் பூனைகள் நிறைய.

கண்டுவிட்டால் ஓடாதீர்கள், பாயாதீர்கள். மிரண்ட பூனை வளர்த்தவரைப் பார்த்தும் ஓடும். கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டாக உட்கார்ந்து, கண்ணை உற்றுப் பார்க்காமல், வீட்டில் பேசுகிற தொனியில் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். ஒரு மணிநேரம் ஆனாலும் சரி. அப்படியும் வரவில்லையென்றால் கூண்டுப்பொறி வைக்கலாம், ஆனால் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடக் கூடாது.

அப்புறம், கிடைத்ததும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், பருமனான பூனைக்கு இன்னும் சீக்கிரம். பூசணி என்ற பெயரை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கணவர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையும் மாலையும் 'நடக்கிறோம்' என்றுதானே நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினோரு நாளாக அவரும் கூடவே வருகிறார். இன்று ராத்திரி டார்ச்சை அவர் கையில் கொடுங்கள்.