பையன் கட்டிய மரியோ லெவல், கடைக்காரர் அக்கவுண்டில் போகலாமா?

கேள்வி: கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல் வாங்கினேனுங்க, கூடவே நாமே லெவல் கட்டி விளையாடும் சூப்பர் மரியோ மேக்கர் 2 கேசட்டும். ஒரு வருஷ ஆன்லைன் சேர்த்தே தருகிறோம் என்றார்கள். என் பதினொரு வயதுப் பையன் தன் பேரில் புரொஃபைல் போட்டு ஏழெட்டு லெவல் கட்டி வைத்திருக்கிறான். திருப்பூரில் இருக்கும் என் மச்சான் மகனிடமும் இதே ஸ்விட்ச், இதே கேம் இருக்கிறது. அவனுக்கு லெவலை அனுப்பப் பார்த்தால் அக்கவுண்டை இணைக்கச் சொல்கிறது, மெம்பர்ஷிப் கேட்கிறது. கடையில் விசாரித்தால், “கொண்டு வாங்க, எங்க அக்கவுண்ட் ஒண்ணைப் பையன் புரொஃபைலோட சேர்த்து விட்டர்றோம், ஆயிரத்தைந்நூறு ஆகும்” என்கிறார்கள். கொடுக்கலாமுங்களா? (பெருந்துறை வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். கன்சோலையும் அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பணம் போவது ஒரு பக்கம், பையன் இத்தனை நாள் கட்டியது மொத்தமும் போய்விடக்கூடிய வழி அது.

கடைக்காரர் சொன்ன ஒரு வருஷம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நிண்டெண்டோவின் ஆன்லைன் மெம்பர்ஷிப் அக்கவுண்டுக்குத்தான், கன்சோலுக்கு இல்லை. கடையின் ஈமெயிலில் திறந்த ஏதோ ஓர் அக்கவுண்டுக்கு அந்த ஒரு வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் விளையாடுவது தன் சொந்தப் புரொஃபைலில். அவன் கட்டிய லெவல்களும் அதற்குள்தான் சேமிப்பாகியிருக்கின்றன. அங்கே எந்த அக்கவுண்டும் இல்லாததால் அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான் சிக்கல்.

இப்போது கடையின் அக்கவுண்டை அதில் இணைத்தால் என்ன ஆகும்? ஒரு முறை இணைத்த அக்கவுண்டைப் புரொஃபைலிலிருந்து பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் புரொஃபைலையே அழிக்க வேண்டும். அழித்தால் அதில் சேமித்திருந்த கேம் விவரம் எல்லாம் கூடவே அழியும். உங்கள் பணத்தில் இடம் வாங்கி, பத்திரத்தைப் புரோக்கர் பேரில் எழுதி வைப்பது போன்ற வேலை இது. பாஸ்வேர்டு அவர்களிடம், ஈமெயில் அவர்களுடையது, மாற்ற நினைத்தால் வரும் சரிபார்ப்பு எண்ணும் அவர்களுக்கே போகும். ஒரே அக்கவுண்டை நாலு பேருக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நாளைக்குக் கடையை மூடிவிட்டால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

“ரீசெட் போட்டால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். மெமரி கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டால் லெவல் பத்திரம் என்பதும் தப்பு. ஸ்விட்சில் சேமிப்பு விவரம் கன்சோலின் உள் நினைவகத்தில்தான் இருக்கும், கார்டில் இருக்காது.

செய்ய வேண்டியது எளிது. உங்கள் ஈமெயிலில், உங்கள் பேரில் நிண்டெண்டோ இணையதளத்தில் ஓர் அக்கவுண்ட் திறந்துகொள்ளுங்கள். பதிமூன்று வயது ஆகாத பிள்ளை தானே திறக்க முடியாது என்பதால், உங்களுடையதற்குக் கீழே பையனுக்குக் குழந்தை அக்கவுண்ட் ஒன்றைச் சேருங்கள். அதைக் கன்சோலின் சிஸ்டம் செட்டிங்ஸில் யூசர்ஸ் பகுதிக்குப் போய், அவன் ஏற்கெனவே விளையாடும் அதே புரொஃபைலோடு இணையுங்கள். புதுப் புரொஃபைல் போடாதீர்கள். லெவல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். பெற்றோர் கட்டுப்பாட்டில் பிறரோடு தொடர்புகொள்வதைத் தடுத்து வைத்திருந்தால் அதையும் பார்த்துத் தளர்த்துங்கள்.

அடுத்தது மெம்பர்ஷிப். மச்சான் வீட்டிலும் அது வேண்டும். லெவலை ஏற்றுகிறவருக்கு மட்டும் இருந்தால் போதாது, ஆன்லைனில் எடுத்து ஆடுகிறவருக்கும் தேவை. அமெரிக்க விலையில் தனிநபருக்கு வருஷம் 19.99 டாலர். குடும்பத் திட்டம் 34.99 டாலர், அதில் எட்டு அக்கவுண்ட் வரை சேரலாம். இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வாங்குவதைவிடக் குடும்பத் திட்டம் மலிவு. நீங்களே குழுவின் தலைவராக இருந்து மச்சான் மகனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் “ஃபேமிலி ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறது” என்று விற்கிறவர்களிடம் போகவே வேண்டாம். குழுத் தலைவர் நினைத்த நாளில் உங்களை வெளியே தள்ளலாம், கேட்க நாதியில்லை.

இந்த இடைத்தரகர்கள் பிழைப்பதற்குக் காரணம் நிண்டெண்டோ கம்பெனிதான். இத்தனை பெரிய நாட்டுக்கென்று ஓர் இ-ஷாப், அதாவது அவர்களுடைய ஆன்லைன் கடை, இல்லை. வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அந்த நாட்டுக்கான கோடு (code) கார்டை, அதாவது முன்பணம் கட்டிய எண் உள்ள கார்டை, தேடி வாங்கி அந்த எண்ணை நுழைக்க வேண்டியிருக்கிறது. நேர்மையாகக் காசு கொடுக்க வருகிறவனைச் சந்து வழியில் அனுப்பும் ஏற்பாடு இது. கோடு வாங்கினால் பில்லோடு வாங்குங்கள், அக்கவுண்டின் நாடும் கார்டின் நாடும் ஒன்றா என்று பாருங்கள், எண்ணை நீங்களே அடியுங்கள். “பாஸ்வேர்டு சொல்லுங்க, நாங்களே ஏற்றித் தர்றோம்” என்றால் போனை வைத்துவிடுங்கள்.

காசே கொடுக்காமல் ஒரு வழி உண்டு, உங்களுக்கு அது போதுமென்றே நினைக்கிறேன். மெம்பர்ஷிப்பை இதுவரை எடுக்காத அக்கவுண்டுக்கு ஏழு நாள் இலவசச் சோதனைக் காலம் கிடைக்கும். ஓர் அக்கவுண்டுக்கு ஒரு முறைதான். அதனால் இரண்டு வீட்டிலும் ஒரே வாரத்தில் எடுங்கள், பள்ளி விடுமுறை வாரமாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் திங்கட்கிழமை எடுத்து அவர்கள் அடுத்த வாரம் எடுத்தால்கூட ஏற்றிய லெவலை அவர்கள் எடுக்கலாம், ஆனால் பையன் எதையாவது திருத்தி மறுபடி ஏற்ற நினைக்கும்போது அவன் காலம் முடிந்திருக்கும். பெரியவர் அக்கவுண்டில் எடுத்தால் கட்டண அட்டை கேட்கலாம். சோதனை முடிந்ததும் அது தானாகவே மாதக் கட்டணத்துக்கு மாறும். எடுத்த அன்றைக்கே தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் ஏழு நாளும் ஓடும். அந்த நாட்களுக்குள் மச்சான் மகன் லெவல்களைத் தன் கன்சோலில் டவுன்லோட் செய்துவிட்டால், அப்புறம் நெட் இல்லாமலே ஆடலாம்.

ஏற்றும் முறை பையனுக்கே தெரிந்திருக்கும். தான் கட்டிய லெவலைத் தானே முடித்துக் காட்டினால்தான் ஏற்ற விடும். நடுவில், தோற்றால் அங்கிருந்தே தொடரும் செக்பாயிண்ட் கொடி வைத்திருந்தால் ஒவ்வொரு கொடியிலிருந்தும் முடிக்க வேண்டும். ஏற்றியதும் ஒன்பது எழுத்து-எண் கொண்ட ஐடி வரும், அதைச் சொன்னால் போதும். ஏற்றிய பிறகு திருத்த முடியாது, மறுபடி ஏற்றினால் ஐடியும் மாறும்.

லெவல் ஆன்லைனில் இருக்கிறது, இனி கவலையில்லை என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இதே கேமின் முதல் பதிப்பில், நிண்டெண்டோவின் பழைய வீ யூ கன்சோலில், 2021 மார்ச்சோடு புதிதாக ஏற்றுவதை நிறுத்தினார்கள். 2024 ஏப்ரலில் ஆன்லைனே போயிற்று. அதே 2024-இல், இதேபோல் லெவல் கட்டும் இன்னொரு கேமான லிட்டில்பிக்பிளானட் 3-இன் சர்வர்களும் மூடப்பட்டு, பிள்ளைகளும் பெரியவர்களுமாகக் கட்டிய எத்தனையோ லெவல்கள் கைக்கு எட்டாமல் போயின. பென் டிரைவில் எடுத்து வைக்க வழி கொடுத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? கட்டுகிற திரையைப் பகுதி பகுதியாகப் போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். என்றைக்கிருந்தாலும் பார்த்துத் திரும்பக் கட்டலாம்.

இதற்கெல்லாம் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். “நூறு கேம் ஏற்றித் தருகிறோம்” என்று உள்ளே கைவைத்த கன்சோலை நிண்டெண்டோ ஆன்லைனிலிருந்தே தடை செய்துவிடும், பிறகு எந்த மெம்பர்ஷிப் போட்டாலும் வேலைக்கு ஆகாது. பழையது வாங்கியிருக்கிறீர்கள், முன்பு வைத்திருந்தவர் என்ன செய்தாரோ தெரியாது. உங்கள் அக்கவுண்டை முதலில் உங்களுக்கென்று ஒரு புரொஃபைல் போட்டு இணைத்து, வைஃபையில் இ-ஷாப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் சரி. 2124-4007 என்று பிழை எண் வந்தால் அந்தக் கன்சோல் தடை செய்யப்பட்டது. அப்போது பில்லை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போங்கள், ஆன்லைன் உண்டு என்று சொல்லித்தானே விற்றார்கள், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.