சாலைத் திட்டமும் நிலப் பயன்பாடும் ஏன் சேர்ந்தே போக வேண்டும்?

புதிய சாலை போட்டால் நெரிசல் தீராதா, மனை அனுமதி தருபவர்களோடு எதற்குக் கலந்து பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீரும், கொஞ்ச காலத்துக்கு. ஒரு புறவழிச்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். லாரிகள் ஊருக்குள் வராமல் போகட்டும் என்றுதான் போடுகிறார்கள். போட்டதும் இருபுறமும் மனை விலை ஏறும். உள்ளாட்சி ஒவ்வொன்றாக அனுமதி கொடுக்கும்: ஒரு கிடங்கு, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பள்ளி. எல்லாம் சாலையைப் பார்த்தே வாசல் வைக்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வண்டி வேகம் குறைத்துத் திரும்பும், பின்னால் வருபவர் பிரேக் பிடிப்பார். சில வருடங்களில் அதுவும் கடைத்தெருதான். அப்புறம் அதற்கொரு புறவழிச்சாலை கேட்பார்கள்! தனித்தனியாகப் பார்த்தால் எந்த அனுமதியும் தவறில்லை, அதுதான் சிக்கலே.

சரி, சேர்த்துத் திட்டமிட்டால்? பிரேசிலின் குரிடிபா நகரம் 1974-இல் பேருந்துக்கெனத் தனித்தடம் திறந்தது. உயரமான கட்டடங்களையும் அந்தத் தடங்களை ஒட்டியே வளரவிட்டது. பயணிகள் நடக்கும் தூரத்திலேயே இருந்ததால் பேருந்துகள் காலியாக ஓடவில்லை. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் 1947 திட்டமும் இதே வழிதான்: ரயில் பாதைகளை ஒட்டி விரல்கள்போல ஊர் வளர வேண்டும், இடையில் பசுமை இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், சாலையின் அகலத்தைவிட வாசல்களின் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யச் சொல்வேன். பின்புறம் ஓர் இணைப்புச் சாலை விட்டாலே பாதி வாசல்களைத் தவிர்க்கலாம். ஆனால் அதற்கு இடம், மனைகள் விற்பதற்கு முன்தான் கிடைக்கும்.