டைக்கியிடம் எதைக் கேட்கலாம்?

பண்டைய கிரேக்கர்களின் அதிர்ஷ்ட தெய்வமான டைக்கியை இன்று வீட்டில் எவ்வாறு வழிபடுவது, வேலை தேடிக்கொண்டிருப்பவர் அவளிடம் என்ன வேண்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதென்ஸில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில், பழைய கிரேக்கச் சமயத்தை இன்றும் கடைப்பிடிக்கும் சக ஊழியர் ஒருவரின் வீட்டு வழிபாட்டில் பலமுறை கலந்துகொண்டு, பின்னர் நானும் அதைக் கைக்கொண்டேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

ஆங்கில வழியாக டைக்கி என்று நம்மிடம் வந்த பெயர், இன்றைய கிரேக்கர் வாயில் ஏறத்தாழ ‘தீஹி’ என்று ஒலிக்கிறது. அன்றாடப் பேச்சில் அதிர்ஷ்டத்துக்கும் அதே சொல்தான். தேர்வெழுதப் போகும் பிள்ளையிடம் ‘கலீ தீஹி’ (நல்ல அதிர்ஷ்டம்) என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஏதென்ஸின் கல்வெட்டு அருங்காட்சியகத்துக்குச் சென்றால், கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதலான ஆணைக் கற்கள் பலவற்றின் தலைப்பில், நாம் பிள்ளையார் சுழி போடுவதைப் போல, ‘நல்ல டைக்கியோடு’ என்ற பொருள்படும் இரண்டு சொற்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவளை ‘ஊழ்’ என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. ஊழ் முன்வினையின் கணக்கைத் தீர்க்கிறது. டைக்கிக்கு அத்தகைய கணக்கு எதுவும் இல்லை.

உங்கள் நிலையில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டியவர் எர்கோடெலிஸ். கிரீட் தீவின் நோசஸ் நகரைச் சேர்ந்த அந்த ஓட்டக்காரர், உள்நாட்டுக் கலகத்தால் ஊரை இழந்து சிசிலியின் ஹிமெரா நகரில் குடியேறி, ஒலிம்பியாவில் நெடுந்தூர ஓட்டத்தில் வென்றார். அவருக்காகப் பிண்டார் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இயற்றிய வெற்றிப்பாடல், ‘காக்கும் டைக்கியே, ஹிமெராவைச் சூழ்ந்து காத்தருள்’ என்ற வேண்டுதலோடு தொடங்குகிறது. கடலில் விரைகலங்களையும் நிலத்தில் போர்களையும் ஆலோசனை அவைகளையும் செலுத்துபவள் அவளே என்று போற்றிவிட்டு, எர்கோடெலிஸ் சொந்த ஊரிலேயே இருந்திருந்தால் வீட்டு முற்றத்தில் சண்டையிடும் சேவலைப் போல அவருடைய கால்களின் புகழ் வெளியே தெரியாமலே உதிர்ந்திருக்கும் என்கிறார் கவிஞர். அந்த நாடுகடத்தலை அவர் இன்பமாக்கிக் காட்டவில்லை. ஆனால், இழந்தபோது இழப்பாக மட்டுமே தெரிந்த ஒன்று எங்கே கொண்டுபோய் விடும் என்பது அன்றைக்கு எவருக்கும் தெரியாது என்பதை டைக்கியின் முன் வைக்கிறார். நான் வேலையற்றிருந்த நாட்களில் இந்தப் பாடலைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவளுக்குப் பெரிய கோயில்கள் இருந்தன. பண்டைய சிரியாவின் அந்தியோக்கியா நகருக்காக, சிற்பி லிசிப்பஸின் மாணவரான யூடிகைடிஸ் வடித்த சிலை, கோட்டைமதில் வடிவக் கிரீடம் அணிந்து பாறைமேல் அமர்ந்திருக்கும். காலடியில் ஒரோன்டிஸ் ஆறு ஓர் இளைஞனாக நீந்தும். தனிமனிதரின் அதிர்ஷ்டத்தை மட்டுமன்றி ஊரின் அதிர்ஷ்டத்தையும் அவள் காத்தாள் என்பதால், ஊருக்குப் பயன்படும் ஏதேனும் ஒரு சிறு செயலும் அவளுக்குரிய படையல்தான் என்பது என் உறுதியான கருத்து. இணையத்தில் பரிந்துரைக்கப்படும் பச்சை மெழுகுவர்த்திக்கும் நான்கிலைக் குளோவர் தழைக்கும் பண்டைய சான்று இல்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் அவளுடைய கோயில் மதுக்கடையாக மாறியதைக் கண்டு கவிஞர் பல்லடாஸ் வருந்திப் பாடினார். கோயில்கள் இல்லாத இந்தக் காலத்தில் வீட்டு மேடையே போதுமானது.

சக ஊழியரின் வீடு நான்காம் மாடியில் இருந்தது. அமாவாசை கழிந்து முதற்பிறை தெரியும் மாலையில், பால்கனியில் ஒரு சிறு பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, லாரல் குச்சி ஒன்றைக் கொளுத்தி, எரியும் நுனியை அதில் அமிழ்த்துவார். சுர்ரென்ற ஒலியும் மெல்லிய பச்சிலை மணமும் எழும். அந்த நீரில் கைகளைக் கழுவிய பிறகு பார்லி மணிகளைத் தூவி, குந்திரிக்கம் புகைத்து, முதலில் அடுப்பின் தெய்வமான ஹெஸ்டியாவுக்கும், பின்னர் டைக்கிக்கும், முடிவில் மீண்டும் ஹெஸ்டியாவுக்கும் மது வார்ப்பார். மண் தரை இல்லாததால் ரோஸ்மேரிச் செடியின் தொட்டியில் வார்ப்பதே வழக்கம். மது வேண்டாதவர்கள் பாலும் தேனும் கலந்து வார்க்கலாம். பண்டையக் கிரேக்கரிடம் மதுவில்லாப் படையலும் இருந்தது. வேண்டும்போது உள்ளங்கைகளை வானை நோக்கி உயர்த்த வேண்டும்.

எதை வேண்டுவது என்பதில் நான் வரலாற்றாசிரியர் பொலிபியஸைப் பின்பற்றுகிறேன். ஓயாத மழை, வறட்சி, கொள்ளைநோய் போன்று காரணம் எட்டாதவற்றைத் தெய்வத்திடமோ டைக்கியிடமோ விடலாம் என்றும், கிரேக்க நகரங்கள் ஆளின்றி வெறுமையாவது போன்று காரணம் கண்முன்னே இருப்பவற்றுக்கு மனிதரே விடை காண வேண்டும் என்றும் அவர் எழுதினார். மணம் செய்துகொள்ளாமலும் பெற்ற பிள்ளைகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றை வளர்க்காமலும் இருந்துவிட்டு அதற்காகக் குறி கேட்பது வீண் என்பது அவர் வாதம். ஆகவே விண்ணப்பத்தில் பிழை திருத்துவதும் நேர்காணலுக்குத் தயாராவதும் உங்கள் வேலை. அவற்றை அவள்மீது சுமத்தாதீர்கள்.

நான் அங்கிருந்தபோதே சக ஊழியரின் பிரிவு மூடப்பட்டு, அவர் ஆறு மாதம் வேலையின்றி இருந்தார். ஒவ்வொரு முதற்பிறையிலும் அவர் வேண்டியது ஒன்றுதான்: “நான் அனுப்பியதைப் படிப்பவர் களைப்பில்லாத நேரத்தில் படிக்கட்டும்.” வேலை கிடைத்த மாதத்தில் அவர் எதையும் வேண்டவில்லை, அந்த மாலை ரோஸ்மேரித் தொட்டியில் மதுவோடு தேனும் வார்த்தார்.