கியர்பாக்ஸ் தகட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். 1967ஆம் ஆண்டு ஜாகுவார் இ-டைப் 2+2 (பின்னால் இரண்டு சிறிய இருக்கைகள் கொண்ட மாடல்) ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். முதலில் வைத்திருந்தவர் ஒரு டாக்டர் என்று விற்றவர் சொன்னார். வி5சி பதிவுச் சான்றில் எனக்கு முன் ஆறு பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. அவர்கள் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வி5சி உரிமைப் பத்திரம் அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தேடலைத் தொடங்குங்கள். வண்டியைப் பதிவு செய்து வைத்திருப்பவர் யார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. மின் கட்டண அட்டையில் பெயர் இருப்பதால் வீடு சொந்தமாகிவிடாது அல்லவா, அதுபோலத்தான். எனவே நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ரசீதைக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள்.

அடுத்து ஆட்களைத் தேடிப் போகாதீர்கள். காரிடமே போங்கள். போனட்டை முன்பக்கம் சாய்த்துத் திறந்தால், வலப்புற முன் சட்டத்தில், ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு மேலே, சேசிஸ் எண் பொறித்திருக்கும். ஐம்பது ஆண்டுப் பெயின்ட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை மூடியிருக்கக்கூடும். மண்ணெண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் பொறுமையாகத் துடையுங்கள். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் வேண்டவே வேண்டாம். எழுத்தின் விளிம்பு தேய்ந்தால் சாட்சியே போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகளின் நிழல் விழும். அப்போது படம் எடுங்கள்.

எண் 1இ5 என்று தொடங்கினால் உங்கள் கார் வலப்புற ஸ்டியரிங்குடன் பிறந்தது. 1இ7 என்றால் இடப்புற ஸ்டியரிங்குடன் பிறந்தது; இப்போது ஸ்டியரிங் வலப்புறம் இருந்தால் பிறகு மாற்றியிருக்கிறார்கள். கடைசியில் பி.டபிள்யூ. என்ற இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும். போர்க்-வார்னர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுடன் தொழிற்சாலையை விட்டு வந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். கியர்பாக்ஸின் இடப்பக்கத் தகட்டில் அதற்கென்று தனி எண் உண்டு. வண்டியைத் தூக்கி நிறுத்தி அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிலிண்டர் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே எஞ்சின் எண் இருக்கும்.

கியர்பாக்ஸ் எண்ணை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 1966இல் வந்த இந்த 2+2 மாடலில்தான் இ-டைப்புக்கு முதன்முதலாக ஆட்டோமேட்டிக் கிடைத்தது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 9 அங்குலம் நீட்டிய பிறகே அதற்கு இடம் வந்தது. ஆனால் இ-டைப் பிரியர்கள் நெடுங்காலம் அதை மதிக்கவில்லை. பலர் கழற்றிவிட்டு மேனுவல் கியர்பாக்ஸ் பொருத்திக்கொண்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பிறந்தபோது பொருத்திய கியர்பாக்ஸுடனேயே ஓர் ஆட்டோமேட்டிக் இன்றும் ஓடுகிறது என்றால், அதை வைத்திருந்தவர்கள் ஊர்ப்பேச்சுக்கு மசியாதவர்கள்.

இந்த எண்களுடன், ஜாகுவாரின் பழைய ஆவணங்களைக் காக்கும் ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்டுக்கு விண்ணப்பியுங்கள். அவர்கள் தரும் சான்றிதழ் தொழிற்சாலைப் பேரேட்டிலிருந்து எடுப்பது. காரின் முதல் நிறம், உள்தோலின் நிறம், எஞ்சின், கியர்பாக்ஸ் எண்கள், தயாரித்த நாள், அனுப்பிய நாள், எந்த விநியோகஸ்தருக்குப் போனது என்பதெல்லாம் அதில் வரும். பேரேட்டில் எழுதியிருந்தால் முதல் உரிமையாளர் பெயரும் வரும்.

அடுத்த தடயம் நம்பர் பிளேட். கடைசி எழுத்து இ என்றால் 1967 ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில் பதிவானது; அந்த ஆண்டு ஆகஸ்டில் எஃப் வந்துவிட்டது. எண்ணுக்கு முன்னால் உள்ள மூன்று எழுத்துகளில் கடைசி இரண்டு, பதிவு செய்த கவுன்சிலைக் காட்டும். எச்.பி. என்றால் கோவென்ட்ரி. ஒரு எச்சரிக்கை: நல்ல பதிவு எண்களைக் காரிலிருந்து பிரித்து விற்றுவிடும் பழக்கம் பிரிட்டனில் உண்டு. உங்கள் எண் பிறகு ஒதுக்கியதாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1974 வரை பதிவு வேலை உள்ளூர்க் கவுன்சில்களின் கையில் இருந்தது. பிறகு ஸ்வான்சீயில் உள்ள மைய வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனது; இன்று அதன் பெயர் டி.வி.எல்.ஏ. கவுன்சில் காலத்து லாக் புக்கில், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில், ஒவ்வொரு கைமாற்றமும் பெயர், முகவரி, ரப்பர் முத்திரையுடன் பதிவாகியிருக்கும். நீங்கள் தேடும் பெயர்கள் வேறெங்கும் இவ்வளவு ஒழுங்காகக் கிடைக்காது. விற்றவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். பழைய தாள்களை அலமாரியில் மறந்துவிட்டிருப்பார். கவுன்சில் பேரேடுகளில் பல அழிந்துவிட்டன. மிஞ்சியவை மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும், டிராய்ட்விச்சில் உள்ள கிட்ஹெட் டிரஸ்ட் என்ற போக்குவரத்து ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. டி.வி.எல்.ஏ.வுக்கு வி888 படிவத்தில் எழுதலாம். ஆனால் தனியுரிமைச் சட்டத்தால் பழையவர்களின் பெயர்களை எதிர்பார்க்காதீர்கள். தேதிகள் கிடைத்தாலே லாபம்.

எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையின் விவரங்கள் 2005 முதல் இணையத்தில் இலவசம். அதற்கு முந்தைய காகிதச் சான்றுகளில் மைல் கணக்கு இருக்கும். ஒர்க்‌ஷாப் ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு காரின் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து நான் எடுத்த ரசீது, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அதில் வாடிக்கையாளர் பெயரும் ஊரும் நீல மையில் தெளிவாக இருந்தன. லாக் புக் இல்லாத அந்தக் காரின் நடுவில் விடுபட்டிருந்த ஒன்பது ஆண்டுகளை அந்த ஒற்றைத் தாள் நிரப்பியது.

உங்கள் டாக்டர் கதைக்கு வருவோம். பெயர் ஒன்று கையில் சிக்கும்வரை அது வெறும் கதைதான். சிக்கிவிட்டால், மருத்துவர்களின் ஆண்டுப் பட்டியலான மெடிக்கல் டைரக்டரியை லண்டன் வெல்கம் நூலகத்தில் புரட்டிப் பாருங்கள். டாக்டர் இல்லாத மற்றவர்களின் முகவரியைச் சரிபார்க்க பிரிட்டிஷ் நூலகத்தின் வாக்காளர் பட்டியல்கள் உதவும்.

குடும்பத்தைக் கண்டுபிடித்தால் திடீரென்று போய்க் கதவைத் தட்டாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். காரின் படம் ஒன்றை இணையுங்கள். விற்கவோ வாங்கவோ எழுதவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் நகல் மட்டும் தந்தால் போதும் என்று கேளுங்கள். தபால்தலை ஒட்டிய பதில் உறையையும் உள்ளே வையுங்கள். அவர்கள் பெரும்பாலும் எழுபது, எண்பது வயதுக்காரர்களாக இருப்பார்கள்.